விரும்பிப் போகும் கூடாரம்

வெளிநாட்டில் உறவினர் இருக்கின்ற வீடுகளில் ஆடி, ஆவணி மாதங்களில் போனுக்கு வந்து சேரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய ஏரி ஒன்று. கரையில் உயர்ந்த பைன் மரங்கள். மரங்களின் கீழே பச்சையிலும் செம்மஞ்சளிலும் இரண்டு மூன்று கூடாரங்கள். நெருப்பைச் சுற்றிக் கதிரை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். "வீடு வாசல் இருக்கிறதுகள் ஏன் காசு குடுத்து ரென்ற்றுக்குள்ள போய்ப் படுக்குதுகள்?" என்று கேட்காத தாய்மார் எங்கள் பக்கத்தில் குறைவு.

இதை வேடிக்கைக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1995இல் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்களுக்கும், 2004 சுனாமிக்குப் பின் கடற்கரையை விட்டு ஒதுங்கியவர்களுக்கும், 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களுக்கும் கூடாரம் என்றால் என்ன என்று எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, மழைக்குக் கீழால் வரும் வெள்ளம், பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் இருமினால் இங்கே குழந்தை எழும்புவது, உடுப்பு மாற்ற ஒருவர் சேலையைப் பிடிக்க மற்றவர் மறைவில் நிற்பது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். எங்களை வைத்திருந்த இடமும் காம்ப், அவர்கள் சுற்றுலா போகும் இடமும் காம்ப். கனடாவிலுள்ள எங்கள் பிள்ளைகள் "காம்பிங் போறம்" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது, இங்கே போனைப் பிடித்திருக்கும் அம்மம்மாவின் முகம் ஒருமாதிரிப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

2023 ஜூலையில் உறவினர் திருமணமொன்றிற்காகக் கனடா போகக் கிடைத்தது. ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் பெரியம்மாவின் மகள் குடும்பத்தோடு தங்கியிருந்தேன். திருமணம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, "தங்கச்சி, நீயும் வா" என்று அக்கா என்னையும் காரில் ஏற்றினாள். மூன்றரை மணித்தியாலம் ஓடி நாங்கள் போய்ச் சேர்ந்தது, ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள பொன் எக்கோ என்ற பூங்கா.

அந்த ஏரியின் பெயர் மசினோ. ஏறக்குறைய 145 மீற்றர் ஆழம். ஒரு கரையில் மணலும் மரங்களும். எதிர்க்கரையில் தண்ணீரிலிருந்து நேராக 100 மீற்றர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் கற்பாறை, ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்திற்குச் சுவர் கட்டினாற்போல நிற்கிறது. அந்தப் பாறையின் அடியில், தோணியில் போனால் கையெட்டும் உயரத்தில், செம்மண் நிறத்தில் 260க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான அனிஷினாபே மக்களின் முன்னோர் வரைந்தவை. அவர்களுடைய நிலத்தில்தான் இன்று எல்லோரும் கூடாரம் அடிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இந்த இடத்தின் கதையில் ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு விருப்பமில்லை. புளோரா மக்டொனால்ட் டெனிசன் என்பது அவர் பெயர். 1867இல் பிறந்தவர். ரொறன்ரோவில் உடுப்புத் தைக்கும் தொழில் செய்து, குடும்பத்தைத் தன் உழைப்பில் நடத்தியவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். 1911 முதல் 1914 வரை கனடாவின் பெண் வாக்குரிமைச் சங்கத்திற்குத் தலைவியாக இருந்தார். 1910 அளவில் இந்த ஏரிக்கரையையும் இங்கிருந்த விடுதியையும் வாங்கி நடத்தியவர் அவர்தான். ஒன்ராறியோவில் பெண்களுக்கு வாக்கு 1917இல் கிடைத்தது, எங்கள் நாட்டில் 1931இல். 1921இல் அவர் இறந்தார். விடுதி 1936இல் எரிந்துபோயிற்று. அவருடைய மகன் 1959இல் நிலத்தை மாகாண அரசாங்கத்திற்குக் கொடுத்துவிட, 1965இல் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறந்தார்கள். ஒரு தையல்காரப் பெண் வாங்கிய கரையில் இன்று யாரும் பதிவு செய்து படுத்துறங்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பதிவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே நினைத்தவுடன் போய்க் கூடாரம் அடிக்க முடியாது. ஐந்து மாதத்திற்கு முன்னரே, காலை ஏழு மணிக்குக் கொம்பியூட்டரின் முன் குந்தியிருந்து இடம் பிடிக்கிறார்கள். நல்ல ஏரிக்கரைகள் உடனே முடிந்துவிடுமாம். மாசிப் பனியில் அத்தான் எழும்பிப் பிடித்த இடம்தான் எங்களுடையது. ஓர் இரவுக்கு ஐம்பது டொலருக்குக் கிட்ட. ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கக்கூடாது. நாங்கள் ஏழு பேர் என்பதால் பக்கத்து இடத்தையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். ஆறு பேர் என்ற அந்தக் கணக்கைக் கேட்டபோது நான் ஒன்றும் பேசவில்லை. 2009இல் வவுனியா மாவட்டத்தில் நாங்கள் இருந்த முகாமில், ஒரு கூடாரத்தில் இரண்டு குடும்பமாகப் பதினொரு பேர் இருந்தோம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

இடம் என்பது காட்டுக்குள் வெட்டித் துப்புரவாக்கிய ஒரு வெளி. இலக்கமிட்ட ஒரு கட்டை, ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், இவ்வளவுதான் அங்கே இருக்கும். அடுத்த குடும்பம் இருப்பது மரங்களுக்கிடையே நிறமாக மட்டும் தெரியும். குழாயும் மலசலகூடமும் நடக்கும் தூரத்தில். கொஞ்சம் அப்பால் சுடுதண்ணீரில் குளிக்கும் கட்டடம். பெண்களுக்கு வேறு வாசல், இரவு முழுவதும் வெளிச்சம், உள்ளிருந்து போடும் கொளுக்கி. நான் ஏரியைப் பார்ப்பதற்கு முன்னர் இவற்றைத்தான் போய்ப் பார்த்தேன். அக்கா சிரித்தாள். "அம்மாவும் வந்தவுடன இதைத்தான் பார்ப்பா" என்றாள்.

விறகு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள். மரங்களைக் கொல்லும் வண்டு விறகோடு வந்துவிடும் என்பதால் பூங்காவிலேயே வாங்கினோம். சாப்பாடு ஒரு துண்டுகூடக் கூடாரத்திற்குள் இருக்கக்கூடாது, எல்லாம் காருக்குள். கரடி வரும். கறுப்புக் கரடி மணத்திற்கு வருமேயொழிய மனிதரைத் தேடி வராது என்று அக்காவின் மகன் எனக்கு விளக்கினான். பதினொரு வயதுப் பையனின் ஆறுதல் எவ்வளவு தூரம் போகும்! ஆனாலும் வன்னிக்காட்டில் யானைக்கும் பாம்புக்கும் பழகிய எங்களுக்குக் கரடி ஒரு பெரிய விடயமில்லை என்று நான் வீரம் பேசினேன்.

பெரியம்மாவைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். 1995 ஐப்பசியின் கடைசியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், அடுத்த வருடம் அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கத்திற்கும் நடந்தவர். மரத்தடியில், பாடசாலையில், தறப்பாளின் கீழ் என்று நாலு இடத்தில் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு மகள் கூப்பிட்டுக் கனடா போனார். முதல் தடவை காம்பிங் கூட்டிக்கொண்டு போனபோது கூடாரத்திற்குள் காலே வைக்கவில்லையாம். மூன்று இரவும் காருக்குள்ளேயே படுத்தார். அடுத்த வருடம் வீட்டிலேயே நின்றுவிட்டார். அதற்கடுத்த வருடம் தானே வருகிறேன் என்றார். என்ன மாறியது என்று நான் கேட்டேன். தேத்தண்ணீரை ஊதிக்கொண்டு சொன்னார்: "வீட்டில ஆர் பிள்ளை இருக்கினம்? ஒராள் பகல் வேலை, ஒராள் இரவு வேலை. பிள்ளையள் போனுக்குள்ள. இஞ்ச போனும் வேலை செய்யாது, வேலைக்கும் போகேலாது. மூண்டு நாள் எல்லாரையும் ஒண்டாக் காணலாம். அதுக்காக ரென்ற்றைப் பொறுக்கிறன்."

பெரியம்மா அதை ரசிக்கவில்லை, பொறுக்கிறார். இந்தச் சொல்லை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று பின்னேரம் கூடாரம் அடிக்க நேரம் வந்ததும் பெரியம்மாதான் மேஸ்திரி. அத்தான் ஏரி நன்றாகத் தெரியும் பள்ளமான பக்கத்தில் சீற்றை விரித்திருந்தார். பெரியம்மா வந்து நின்று, நிலத்தைக் காலால் தட்டி, காய்ந்த இலைகள் எந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கின்றன என்று பார்த்தார். "தண்ணி இதாலதான் போறது. அங்கால மேட்டில அடியுங்கோ" என்றார். மேட்டில் ஏரி தெரியாது என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மேலே பட்ட கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். கூடாரத்திற்கு அடியில் விரிக்கும் சீற் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை ஏந்தி உள்ளே கொண்டுவரும் என்று ஓரங்களை மடித்துவிட்டார். கயிறுகளைத் தானே இழுத்துக் கட்டினார். பிறகு ஒரு தடியை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் கீறத் தொடங்க, பேரன் ஓடிவந்தான். "அம்மம்மா, தோண்டக்கூடாது. ரூல்ஸ்." பூங்காவில் நிலத்தைக் கிண்டுவது தடை. பெரியம்மா தடியைக் கீழே போட்டார். "மழை வரேக்க ரூல்ஸ் வந்து தண்ணி இறைக்கட்டும்."

இரண்டாம் நாள் இரவு இடியோடு மழை. நாங்கள் காய்ந்த தரையில் படுத்திருந்தோம். விடியப் பார்த்தால், கீழே ஏரியைப் பார்த்து அழகாக அடித்திருந்த இரண்டு கூடாரங்களின் சொந்தக்காரர்கள் மெத்தைகளைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களுடைய மொழி இவருக்குத் தெரியாது.

அந்தக் கூடாரங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவை இரண்டு தோல் உள்ளவை. உள்ளே வலைத்துணி, வெளியே மழைக்குத் துணி, இடையில் காற்றுப் போக இடம். மனிதரின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரம் இரவில் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். இடைவெளி இருந்தால் அந்த ஈரம் வெளியேறிவிடும். எங்களுக்குத் தந்தது ஒற்றைத் தறப்பாள். வெயில் நேராக அதைச் சுட, அது எங்களைச் சுட்டது. விடியற்காலையில் முகட்டிலிருந்து விழுந்த துளிகளைப் பனி என்று நினைத்திருந்தோம். அது எங்கள் பதினொரு பேருடைய மூச்சு. தறப்பாளுக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு இன்னொரு தறப்பாளோ கிடுகோ கட்டினாலே உள்ளே வெக்கை நன்றாகக் குறையும். வெள்ளத்துக்கு ஒதுங்க வேண்டிய காலங்களில் இது இன்றும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காற்றில் துணி படபடத்தால் உடம்பு தானாக எழும்புகிறது. கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் உள்ள பையைத் தலைக்குக் கீழேயும் செருப்பைக் கைக்கெட்டவும் வைத்திருந்ததை விடியத்தான் கவனித்தேன். நள்ளிரவில் ஏரியிலிருந்து ஒரு நீண்ட ஓலம் வந்தது. பெண்ணொருத்தி தூரத்தில் அழுவது போல. நான் எழும்பிக் குந்திவிட்டேன். இருட்டுக்குள் பெரியம்மாவின் குரல், "அது குருவி பிள்ளை, படு" என்றது. லூன் என்ற நீர்ப்பறவை அது. அந்த நாட்டின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 தொடக்கம் அதன் படம் இருக்கிறது. பெரியம்மாவும் தூங்கியிருக்கவில்லை. சிப்பைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். திறந்துவிட்டேன். இருவரும் வாசலில் தலை வைத்துப் படுத்தோம். வெளியே மலசலகூடத்து விளக்கு மரங்களுக்கிடையில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்போது உறங்கினேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் அக்கா கோபிப்பாள். படங்களில் நெருப்பருகே கோழியைப் புரட்டிக்கொண்டு நிற்பது அத்தான். எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். வியாழக்கிழமை இரவு ஒரு மணிவரை அந்தக் கோழிக்குத் தூள் பிரட்டி, சம்பல் இடித்து, சோற்றுக்கு அரிசி அளந்து பொதி கட்டி, ஏழு பேரின் உடுப்பும் மருந்தும் எடுத்து வைத்தது எந்தப் படத்திலும் இல்லை. அங்கேயும் கோப்பை கழுவக் குழாயடிக்குப் போனவர்களில் பெண்களே அதிகம். கடைசி நாள் அக்கா ஏரிக்குள் இறங்கி மிதந்துகொண்டு, "இண்டைக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடப்படாது" என்று கத்தினாள். இரண்டு மணித்தியாலம் அவள் கரைக்கு வரவில்லை. பாணும் முட்டையும் அத்தான் செய்தார், கொஞ்சம் கருகித்தான் போயிற்று.

சமூகவியல் படித்த பழக்கத்தால் நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு திரிந்தேன். அனர்த்த காலத்தில் மக்களை எப்படித் தங்க வைக்கவேண்டும் என்பதற்கும் எழுத்தில் ஓர் அளவு இருக்கிறது. 1997இல் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் கைநூலில் அது உள்ளது. ஒருவருக்குக் கூரையின் கீழ் ஆகக்குறைந்தது 3.5 சதுர மீற்றர். நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் இல்லை. 20 பேருக்கு ஒரு மலசலகூடம், அதுவும் இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள், பெண்களுக்கு வேறாக, உள்ளே பூட்டக்கூடியதாக, வெளிச்சத்தோடு. பதினொரு பேருக்கு இந்தக் கணக்கில் 38.5 சதுர மீற்றர் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு இருந்தது அதில் அரைவாசியும் இல்லை. இரவில் அம்மா, நான், பக்கத்துக் கூடாரத்து இரண்டு பெண்கள் என்று நாலு பேர் சேர்ந்தால்தான் மலசலகூடத்திற்குப் போவோம். ஒருவருக்கு அவசரம் என்றால் நாலு பேரும் எழும்பவேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் விட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது இதை வாசிக்கின்ற உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பூங்காவில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் வெளியேறவேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு அதைப் படமெடுத்து வைக்கத் தோன்றியது. 2009இல் எங்களிடமும் சீட்டுகள் இருந்தன. டிசம்பர் 1ஆம் திகதிக்குப் பின்னர், வெளியே போய் வருவதற்கான சீட்டு. அதுவரை அதுவும் இல்லை. வெளியேறும் நாள் எழுதிய சீட்டு மட்டும் எவருடைய கையிலும் இருக்கவில்லை. ஏரியும் பைன் மரமும் இல்லாத இடத்திலும், போகும் நாள் தெரிந்தால் தறப்பாளின் கீழே படுக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டுமே என்று ஞாயிறு காலை அத்தான் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் மகளிர் குழுவில் இதையெல்லாம் சொன்னேன். ஏரியின் ஆழத்தை ஒருவரும் கேட்கவில்லை. உள்ளிருந்து பூட்டலாமோ, இரவில் கரண்ட் நிற்குமோ, பொம்பிளையளுக்கு வேற வாசலோ என்றுதான் கேட்டார்கள். எங்கள் நாட்டிலும் வில்பத்து, உடவளவை போன்ற தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்பதிவு செய்து கூடாரம் அடித்துத் தங்கும் இடங்கள் இருக்கின்றன என்றேன். வில்பத்து பக்கத்தில்தானே, ஆனால் செலவும் யானையும் நமக்குச் சரிவராது என்று முடிவாயிற்று. கணவனைத் தேடி இன்னும் அலுவலகங்களுக்கு அலையும் ஒரு சகோதரி, "நான் சாகும்வரைக்கும் அதுக்குள்ள படுக்கமாட்டன். என்னைக் கேக்காதேங்கோ" என்று எழும்பிப் போய்விட்டார். ஒருவரும் அவரை மறிக்கவில்லை. கொஞ்ச நேரத்தின் பின் இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஒருக்கா ஆசைதான். பிள்ளையளோட. குளத்தில விடியிறதைப் பாக்கவேணும். அப்ப நாங்கள் குளத்தைப் பாக்கேல்லைத்தானே, தண்ணியைத்தானே பாத்தனாங்கள்."

அதிலிருந்து இரண்டு கூட்டத்திலும் இதே கதைதான். குளக்கட்டுக்குக் கிட்ட ஒரு கோயில் மடம் இருக்கிறது. மலசலகூடமும் குழாயும் அங்கே உண்டு. கூடாரம் வேண்டாம் என்பவர்கள் மடத்தில், வேண்டும் என்பவர்கள் முற்றத்தில். வாடகைக்கு நாலு ரென்ற் எடுக்கலாம். ஒன்றுக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை. சமையலைக் குழுவிலுள்ளவர்களின் பெரிய பையன்கள் செய்யவேண்டும் என்பது ஒரு தீர்மானம், அதைப் பையன்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. எழும்பிப் போன சகோதரி போன வாரம் வந்து, தான் பகலில் வந்து பின்னேர பஸ்ஸில் திரும்பலாமோ என்று கேட்டார். பெயரை எழுதியிருக்கிறோம். திகதி முடிவாகவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னர் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று.